பட்டன் உள்ள சஸ்பென்ஷனா, இல்லாததா: டிராக் டேக்காகப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்களுக்கு

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டார். ஒரே மாடல், ஒரே வருடம், கிட்டத்தட்ட ஒரே கிலோமீட்டர் ஓடிய இரண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்றில் சஸ்பென்ஷனை இறுக்கவும் தளர்த்தவும் பட்டன் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. பட்டன் உள்ளது விலை கூட. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போய்ச் சொந்த வண்டியை ஓட்ட ஆசை. எதை வாங்குவது?

பட்டன் உள்ளதையே வாங்குங்கள் என்றேன், ஆனால் அதனால் டிராக்கில் வேகம் கூடும் என்று நினைத்து வாங்காதீர்கள் என்றும் சொன்னேன். டிராக் மூன்று நாள். மிச்சம் 362 நாளும் அந்தக் கார் ஓடப் போவது எண்ணூர் விரைவுச் சாலையில், மணலியில், கண்டெய்னர் லாரிகள் அழுத்தி அழுத்தி இரண்டு வாய்க்கால் மாதிரி ஆக்கி வைத்திருக்கும் தாரில். அந்தப் பட்டனுக்குக் கொடுக்கும் காசு அங்கேதான் திரும்பி வரும். இன்னொன்று, பட்டன் இருந்தும் ஷாக் அப்சார்பர் செத்திருந்தால், பட்டனே இல்லாமல் நல்ல ஷாக் உள்ள வண்டி இரண்டு இடத்திலும் அதைத் தோற்கடித்துவிடும். அதனால் ஆப்ஷன் பட்டியலைப் படிப்பதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியாவது வண்டிக்குக் கீழே படுத்துப் பார்க்கச் செலவிடுங்கள்.

முதலில் அந்தப் பட்டன் என்ன செய்கிறது

ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர் அந்த ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக அமுங்கலாம், எவ்வளவு வேகமாக எழும்பலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே எண்ணெய், நடுவில் ஒரு பிஸ்டன், அதில் சின்னத் துளைகள், அவ்வளவுதான். சைக்கிள் பம்ப்பின் வாயை விரலால் பாதி மூடிக்கொண்டு அழுத்திப் பாருங்கள், மெதுவாக அழுத்தினால் இறங்கும், வேகமாக அழுத்தினால் எதிர்க்கும். அந்த விரலின் வேலையை மின்சாரத்துக்குக் கொடுத்தால் அதுதான் அடாப்டிவ் சஸ்பென்ஷன்.

பெரும்பாலான கார்களில் ஷாக்குக்குள் ஒரு மின் வால்வு திறந்து மூடி எண்ணெயின் பாதையை மாற்றுகிறது. போர்ஷேயின் பி.ஏ.எஸ்.எம். இந்த வகை, 911 காருக்கு அது 2004இல் 997 தலைமுறையோடு வந்தது. நம் ஆட்கள் வேகமாகப் படித்துப் 'பாசம்' ஆக்கிவிட்டார்கள், 'பாசம் இருக்கிற வண்டியா' என்றே கேட்கிறார்கள். இன்னொரு வகை ஆடி டிடி, ஆர்8 போன்றவற்றில் வரும் மேக்னடிக் ரைடு. அதில் எண்ணெய்க்குள்ளேயே நுண்ணிய இரும்புத் துகள்கள் மிதக்கும். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் காந்தப் புலத்தில் துகள்கள் கோர்த்துக்கொள்ளும், எண்ணெய் கெட்டிப்பட்ட மாதிரி ஆகிவிடும், எல்லாம் சில மில்லிசெகண்டில். 2002 மாடல் காடிலாக் செவில் காரில் முதலில் வந்த தொழில்நுட்பம் இது.

கடையில் யாரும் சொல்லாத ஒரு விஷயம்: இரண்டு வகையுமே ஸ்பிரிங்கை மாற்றுவதில்லை. நீண்ட வளைவில் வண்டி எவ்வளவு சாயும் என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் ஆன்டி ரோல் பார் என்ற கம்பியும்தான். ஷாக் தீர்மானிப்பது அந்தச் சாய்வு எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதை. ஸ்டியரிங்கைத் திருப்பும் அந்த அரை நொடியில் வண்டி துவளாமல் நிற்கும், அதனால் இறுக்கமான மோடில் நம்பிக்கை வருகிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் லேப் நேரம் அந்த அளவுக்குக் குறையுமா என்றால், புதிதாகப் போகிறவருக்கு நல்ல டயரும் புது பிரேக் ஆயிலும் ஒழுங்கான அலைன்மெண்டும் கொடுப்பதில் ஒரு பங்கு கூட இது கொடுக்காது.

எந்த வண்டியில் எது வந்தது என்று தெரிந்துகொள்வது

விளம்பரத்தில் 'ஸ்போர்ட் சஸ்பென்ஷன்' என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள், பொய் என்பதற்காக இல்லை, அந்த வார்த்தைக்கு நாலு அர்த்தம் இருப்பதால். உயரம் குறைந்த சாதாரண ஷாக்கும் ஸ்போர்ட்தான், அடாப்டிவும் ஸ்போர்ட்தான், யாரோ பிற்பாடு வாங்கி மாட்டிய காயில் ஓவரும் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த, உயரத்தைத் திருத்தக்கூடிய செட்) அவருக்கு ஸ்போர்ட்தான். ஆப்ஷன் கோடைப் பாருங்கள். போர்ஷேயில் ஆப்ஷன் ஸ்டிக்கர் முன் பானெட் மூடியின் உட்பக்கமும் சர்வீஸ் புத்தகத்திலும் இருக்கும், 475 என்று இருந்தால் பி.ஏ.எஸ்.எம். பி.எம்.டபிள்யூ.வில் சேசிஸ் எண்ணை வைத்து ஆப்ஷன் பட்டியல் எடுத்தால் 223 என்ற எண் அடாப்டிவ் ஷாக்கைக் குறிக்கும். எல்லா வேகமான காரிலும் அடாப்டிவ் இருக்கும் என்று எண்ண வேண்டாம். 2016இல் வந்த முதல் பி.எம்.டபிள்யூ. எம்2வில் நிலையான ஷாக்தான், டிராக்குக்குப் போகிறவர்கள் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள். 2023இல் வந்த புது எம்2வில்தான் அடாப்டிவ் கூடவே வருகிறது.

உயரத்தையும் கேளுங்கள். போர்ஷேயின் 981 தலைமுறைக் கேமன், பாக்ஸ்டர், அப்புறம் 718 இவற்றில் பி.ஏ.எஸ்.எம். இருந்தால் சாதாரண வண்டியைவிட 10 மி.மீ. தாழ்வு. 718இல் பி.ஏ.எஸ்.எம். ஸ்போர்ட் என்று தனியாக ஒன்று உண்டு, அது 20 மி.மீ. தாழ்வு. காகிதத்தில் 20 மி.மீ. ஒன்றுமில்லை. திருவொற்றியூர் பக்கம் தெருக்காரர்கள் தாங்களே சிமெண்ட் குழைத்துப் போட்ட ஸ்பீட் பிரேக்கர்மேல் ஏறும்போது அந்த 20 மி.மீ. சத்தமாகவே பேசும். வண்டி நிற்கப் போகும் தெருவின் ஸ்பீட் பிரேக்கரை ஒரு ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வாங்கப் போங்கள், சிரிக்காதீர்கள்.

வண்டிக்குக் கீழே

இரண்டு வருடம் முன்பு நான் ஒரு பழைய கூப்பே வாங்கினேன். பட்டனை அமுக்கினால் விளக்கு எரிந்தது, டேஷ்போர்டில் எந்த எச்சரிக்கையும் இல்லை, விற்றவர் எனக்கு முன்னால் நாலு தடவை அமுக்கிக் காட்டினார். ஒரு மாதம் ஓட்டினேன். இறுக்கமான மோடில் பின்பக்கம் மட்டும் உதைத்தது, முன்பக்கம் படகு மாதிரி அசைந்தது. டயர் பிரஷர் என்று நினைத்து அதை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தேன். அப்புறம் மாதவரத்தில் ஒரு ஷெட்டில் குழிக்கு மேலே வண்டியை ஏற்றி, முன் இடது சக்கரத்தைக் கழற்றினோம். ஷாக்கின் மேலே போக வேண்டிய ஒயர் பாதியிலேயே நின்றது. அதன் முனையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருப்புப் பெட்டி, கருப்பு டேப் சுற்றி, ஜிப் டை போட்டு உள்ளே செருகியிருந்தார்கள். மெக்கானிக் அண்ணன் டார்ச்சை வாயில் கவ்வியபடி ஒரு நிமிடம் பார்த்தார். "இன்னா தம்பி, முன்னாடி ரெண்டும் சும்மா ஷாக்கு. பின்னாடி ரெண்டுதான் ஒரிஜினல்."

அந்தப் பெட்டி உண்மையில் மோசடிக்காகச் செய்யப்பட்டது இல்லை. அடாப்டிவ் ஷாக்கைக் கழற்றிவிட்டு நான்கிலும் சாதாரண ஷாக் போடுகிறவர்களுக்காக, வண்டியின் கம்ப்யூட்டர் குழம்பிப்போய் எச்சரிக்கை விளக்கைப் போடாமல் இருக்க, ஷாக் இன்னும் அங்கே இருக்கிறது என்று பொய் சொல்லும் சின்னப் பொருள். முன்னால் இரண்டை மட்டும் மாற்றிவிட்டு அதைப் போட்டு விற்றதுதான் வில்லங்கம். போன் செய்தால் விற்றவர் சொன்னது, "பட்டன் வேலை செய்யுதுல்ல சார்?"

அதிலிருந்து எந்த வண்டி பார்க்கப் போனாலும், நண்பனுக்காக என்றாலும், நான் செய்வது இதுதான். சக்கரத்தைக் கழற்ற விடவில்லையா, வண்டி வேண்டாம். கழற்றியதும் நான்கு ஷாக்கிலும் ஒயர் போய்ச் சேருகிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்பேன். ஒயர் சக்கரத்தோடு சேர்ந்து ஆடுகிற இடத்தில் தோல் உரிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஷாக்கின் உடம்பில் லேசான எண்ணெய்ப் பூச்சு, அதன்மேல் தூசி என்றால் பயப்பட வேண்டாம். துணியால் துடைத்த பிறகும் ஈரமாகக் கீழே வரை வழிந்திருந்தால் அது லீக். மேலே உள்ள டாப் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட் என்று சஸ்பென்ஷனின் இணைப்பு மூட்டுகள் எல்லாவற்றையும் கடப்பாறை வைத்து நெம்பிப் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தால் எந்த மோடிலும் 'டக் டக்' சத்தம் போகாது, பலர் அதை ஷாக் என்று நினைத்துத் தேவையில்லாமல் பெரிய செலவில் இறங்குகிறார்கள்.

நம் பக்கத்து வண்டிகளுக்கு இன்னும் இரண்டு பரிசோதனை கூடுதலாக வேண்டும். முதலாவது உப்புக் காற்று. காசிமேடு, ராயபுரம், எண்ணூர் என்று கடலோரத்தில் வருடக்கணக்காக நின்ற வண்டியில் பெயிண்ட் பளபளவென்று இருக்கும், பின்பக்கம் கோணத்தைத் திருத்தும் அலைன்மெண்ட் போல்ட் மட்டும் துருப்பிடித்து உறைந்திருக்கும். சாதாரணமாக ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. டிராக்குக்குப் போகிறவர் கேம்பர், டோ என்ற சக்கரக் கோணங்களை மாற்றக் கேட்டு அலைன்மெண்ட் கடையில் நிற்கும்போதுதான் அந்தப் போல்ட் அசையாது, சூடு வைத்து, அறுத்து, புது ஆர்ம் வரை போகும். வாங்குவதற்கு முன்பே அந்தப் போல்ட் சுற்றுகிறதா என்று ஸ்பேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது வெள்ளம். 2015 டிசம்பரும் 2023 டிசம்பர் மிக்ஜாமும் இந்தப் பக்கம் யாருக்கும் மறக்காது. சஸ்பென்ஷனைக் கட்டுப்படுத்தும் பெட்டியை வண்டிக்கு வண்டி வேறு இடத்தில் வைத்திருப்பார்கள், சிலதில் டிக்கிக்குள், சிலதில் சீட்டுக்குக் கீழ். உங்கள் மாடலில் எங்கே என்று முதலிலேயே தெரிந்துகொண்டு அந்த இடத்துக் கார்ப்பெட்டைத் தூக்கி, கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்கள். கனெக்டரின் உலோகப் பின்களில் பச்சை பூத்திருந்தால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஸ்கேனர் போட்டுக் கோளாறுக் குறியீடு பார்ப்பது கட்டாயம், ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கு என் கருப்புப் பெட்டியே சாட்சி. ஸ்கேனரில் ஒவ்வொரு ஷாக்குக்கும் போகும் மின்னோட்டமும் நான்கு மூலையின் உயரமும் நேரலையாகத் தெரியும் என்றால் அதையும் பாருங்கள். ஒரு மூலை மட்டும் உயரம் தப்பாகக் காட்டினால் உயரம் பார்க்கும் சென்சாரின் சின்னக் கம்பி வளைந்திருக்கலாம். அது சின்ன வேலை, அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

டயரும் கதை சொல்லும். முன்னால் ஒரு பிராண்டு, பின்னால் வேறு பிராண்டு என்றால் வண்டியின் நடத்தையை வைத்து ஷாக்கைப் பற்றி எதுவும் முடிவு செய்யாதீர்கள். பக்கச்சுவரில் நாலு எண் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் வருடத்து 23ஆவது வாரம் தயாரானது.

ஓட்டிப் பார்ப்பது

மவுண்ட் ரோட்டில் ஓட்டிக் காட்டுகிறேன் என்பார்கள், போகாதீர்கள். மூலக்கடையில் ஏறி மாதவரம் வழியாகப் புழல் வரை போய்த் திரும்புங்கள். நல்ல தார், கெட்ட தார், பாலத்தின் இணைப்பு, லாரி டயர் பள்ளம் எல்லாம் கிடைத்துவிடும். ஒரே ஸ்பீட் பிரேக்கரை 20 கி.மீ. வேகத்தில் மூன்று தடவை தளர்ந்த மோடில், மூன்று தடவை இறுக்கமான மோடில் தாண்டுங்கள். இறங்கின பிறகு வண்டி ஒரே அசைவில் நிற்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது அசைவு வந்தால் ஷாக் களைத்துவிட்டது. பானெட்டைக் கையால் அமுக்கிப் பார்க்கும் பழைய சோதனை இந்த வண்டிகளில் அவ்வளவாக உதவாது.

எனக்குப் பிடித்த சோதனை வேறு. நீங்கள் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள், ஓட்டுகிற நண்பர் சொல்லாமல் கொள்ளாமல் மோடை மாற்றட்டும், அல்லது மாற்றாமலே ஏமாற்றட்டும். ஒவ்வொரு தடவையும் எது என்று சொல்லுங்கள். நல்ல நிலையில் உள்ள வண்டியில் நம் சாலையில் இது குழந்தை விளையாட்டு, முதுகே சொல்லிவிடும். பாதி தடவை தப்பினால் அந்தப் பட்டனுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

ஷாக் போயிருக்கிறது, வண்டி மற்றபடி நன்றாக இருக்கிறது என்றால்

மூன்று வழி. கம்பெனி ஒரிஜினலையே நான்கும் போடலாம், செலவு லட்சங்களில் பேச வேண்டியது, விலை பேசும்போதே அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, வண்டியின் சொந்தப் பட்டனோடும் ஒயரோடும் வேலை செய்கிற வெளிக் கம்பெனிச் செட், பில்ஸ்டைன் பி16 டேம்ப்ட்ரானிக், கே.டபிள்யூ. டி.டி.சி. மாதிரி. அதிலேயே உயரத்தையும் திருத்தலாம். 997 தலைமுறை 911க்குப் பி.ஏ.எஸ்.எம். ஷாக் செய்து கொடுத்ததே பில்ஸ்டைன்தான் என்பதால் அந்தப் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு. மூன்றாவது, பட்டனை மறந்துவிட்டு நான்கிலும் நல்ல சாதாரண காயில் ஓவர் போட்டு, கம்ப்யூட்டரில் அடாப்டிவ்வையே முறையாக நீக்கிவிடுவது. டிராக்குக்கு மாதாமாதம் போகிறவருக்கு இது சரி. வருடத்துக்கு மூன்று தடவை போய், மிச்ச நாளில் அம்மாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிற வண்டிக்கு இது சரிப்படாது.

எதைச் செய்தாலும் ஜோடியாக மாற்றுங்கள், முன்னால் இரண்டு, இல்லை பின்னால் இரண்டு, முடிந்தால் நான்கும். உயரத்தைத் தொட்டால் அலைன்மெண்டும், உயர சென்சாரின் கணக்கைத் திரும்ப வைப்பதும் சேர்ந்தே வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளரின் அளவுக்கும் மாறாக மாற்றுவதைத் தடுக்கிறது என்பதையும் மனதில் வைத்து, ஒரிஜினல் பாகங்களைத் தூக்கிப் போடாமல் வீட்டில் எடுத்து வையுங்கள். இன்சூரன்ஸ் பாலிசியையும் ஒரு தடவை திறந்து படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்குக் கிடையாது என்ற வரி அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். டிராக்கில் சுவரில் மோதினால் காசு உங்கள் பையிலிருந்துதான்.

டிராக்கில் அந்தப் பட்டனை என்ன செய்வது

ஒரு காலத்தில் நம் வடசென்னைக்காரர்கள் ரேஸ் பார்க்க ஊர் தாண்டிப் போக வேண்டியதே இல்லை. செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம், அங்கேதான் 1980கள் வரை வண்டிகள் பறந்தன. அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசினால் செங்குன்றத்துப் பெரியவர்கள் இன்னும் டீயை ஆறவிட்டுவிடுகிறார்கள். இப்போது பைபாஸ் பிடித்து மதுரவாயலில் இறங்கி, பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டை வரை போக வேண்டும். 1990இலிருந்து ஓடும் டிராக், ஒரு சுற்று சுமார் 3.7 கி.மீ., 12 வளைவு.

முதல் சுற்றுகளைச் சாதாரண மோடிலேயே ஓட்டுங்கள். எல்லாரும் உள்ளே நுழைந்ததும் இருப்பதிலேயே இறுக்கமானதை அமுக்குகிறார்கள். சி-1 என்கிற முதல் வளைவு மாதிரி வேகமான வளைவில் அது நன்றாகத்தான் இருக்கும், திருப்பினதும் வண்டி கேட்கும். ஆனால் தார் அலையாக இருக்கும் இடத்திலும், டிராக் ஓரத்து மேடான கெர்ப் மேல் சக்கரம் ஏறும் இடத்திலும் இறுகின ஷாக் சக்கரத்தைத் தரையோடு ஒட்ட விடாது, டயர் குதிக்கும், குதிக்கும் டயருக்குப் பிடிப்பு ஏது? ஸ்டியரிங்கில் படபடவென்று தட்டுகிற மாதிரி வந்தால் ஒரு படி தளர்த்திப் பாருங்கள், பல சமயம் வண்டி அமைதியாகி, நீங்கள் ஆக்சிலரேட்டரைச் சீக்கிரமே மிதிக்கத் தொடங்குவீர்கள். இன்னொரு எச்சரிக்கை: சில கார்களில் 'ஸ்போர்ட்' பட்டன் ஷாக்கை மட்டும் மாற்றாது, ஆக்சிலரேட்டர், கியர், வண்டி சறுக்காமல் பிடிக்கும் கட்டுப்பாடு எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் மாற்றிவிடும். ஷாக்கை மட்டும் தனியாக வைக்கும் இண்டிவிஜுவல் மோடு இருந்தால் வீட்டிலேயே அமைத்துக்கொண்டு போங்கள். சறுக்கல் கட்டுப்பாட்டை அணைக்க உங்களுக்கு இன்னும் வயது ஆகவில்லை.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். மோடையும் டயர் காற்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. டிராக் ஓரத்தில் வண்டியை நிறுத்தும் பிட்டுக்கு வந்ததும் சூடாக இருக்கும்போதே காற்றை அளந்து பாருங்கள், காலையில் 30 பி.எஸ்.ஐ. வைத்தது 36, 37 என்று நிற்கும், நாலு டயரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஐந்தாறு சுற்றுக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள். பிரேக்தான் முதலில் சோரும், ஆனால் மே மாத வெயிலில் ஷாக்கின் எண்ணெயும் சூட்டில் நீர்த்துப்போகும், காலையில் இறுக்கமாக இருந்த அதே மோடு மதியம் தொளதொளவென்று இருப்பதாகத் தோன்றினால் அது உங்கள் பிரமை இல்லை.

டிராக்குக்குப் போவதற்கு முந்தின நாள் நான்கு ஷாக்கையும் சுத்தமாகத் துடைத்து வையுங்கள். திரும்பி வந்த மறுநாள் காலை, வண்டி முழுக்க ஆறின பிறகு, அதே இடங்களைப் பாருங்கள். புதிதாக ஈரம் இருந்தால் போட்டோ எடுத்துத் தேதி போட்டு வையுங்கள், அடுத்த தடவைக்கு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

அப்புறம், டிராக்கை விட்டு வெளியே வரும்போது பட்டனைச் சாதாரணத்துக்குத் திருப்ப மறக்காதீர்கள். முதல் தடவை களைப்பில் நான் மறந்துவிட்டேன். பைபாஸில் ஒன்றும் தெரியவில்லை. மணலி தாண்டினதும்தான் தெரிந்தது, பக்கத்தில் இருந்த மச்சான் கையில் பிடித்திருந்த எலுமிச்சை சாதம் பொட்டலத்தோடு சேர்ந்து மூன்று தடவை கூரையைத் தொட்டுவிட்டு வந்தான். சீட்டின் தையல் இடுக்கில் இன்னும் மஞ்சள் இருக்கிறது.